பந்து நிற்கும் நேரம்: வடசென்னை அணி ஒன்றில் கேப்டன் மாறியது பற்றிய நிகழ்வு ஆய்வு

வியாசர்பாடியில் பதினேழு வயதுக்கு உட்பட்ட சிறுவர்களின் கால்பந்து அணி ஒன்றில் ஆறு ஆண்டுகளாக உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் அணிக்குக் கேப்டனைத் தவறாகத் தேர்ந்தெடுத்தோம். ஒரு தொடரின் கால் இறுதியில் அந்தத் தவறு வெளிப்பட்டது. அதைத் திருத்தப் போன இடத்தில் நான் இன்னொரு தவறு செய்தேன். புதிய கேப்டன் அமைந்த பிறகும், அதுவரை நாங்கள் கவனிக்காத ஒரு குறை அரை இறுதியில் தெரியவந்தது. நடந்தவற்றை வரிசையாகவே எழுதுகிறேன். சிறுவர்களைப் பெயர் சொல்லாமல் சட்டை எண்ணால் குறிப்பிடுகிறேன். மைதானத்தில் நாங்களும் பெரும்பாலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

பின்னணி

உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் வியாசர்பாடிக்குள் வருபவர்கள், தெருவுக்குத் தெரு மஞ்சள் சட்டைகளையும் பிரேசில் கொடிகளையும் பார்த்து வியப்பார்கள். ஆனால் இங்குள்ள கால்பந்துப் பற்று தொலைக்காட்சியோடு வந்ததன்று. பெரம்பூரின் ரயில்வே பணிமனைகள், 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1996-இல் மூடப்பட்ட பக்கிங்காம் கர்நாடிக் மில் என்று தொழிலாளர் குடும்பங்களால் நிறைந்த பகுதி இது. நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரை இன்றும் இங்கே பார்க்கலாம். அந்த நம்பிக்கை இருப்பதாலேயே கோல் அடிப்பவன்மேல் எல்லோருடைய கண்ணும் விழுகிறது. தேர்வாளர்கள் வந்தால் யாரைக் கேட்பார்கள் என்பது வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும்.

எங்கள் பத்தாம் எண் அப்படிப்பட்டவன். இடது காலால் அவன் வெட்டி எடுத்துப் போகும் பந்தை அவன் வயதில் நிறுத்தக்கூடியவர்கள் இந்த வட்டாரத்தில் மிகக் குறைவு. கேப்டன் யார் என்ற கேள்வி வந்தபோது தலைமைப் பயிற்சியாளரும் நானும் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. பழைய ஸ்டாக்கிங்ஸ் ஒன்றின் மேல்பகுதியை வெட்டிச் செய்த கறுப்புப் பட்டையை நானே அவன் கையில் ஏற்றிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. மறுப்பு வராததை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

கால் இறுதியின் கடைசி எட்டு நிமிடங்கள்

அது எழுவர் ஆடும் தொடர்; பாதிக்கு இருபது நிமிடம். கால் இறுதி முடிய எட்டு நிமிடம் இருந்தபோது நாங்கள் 2–0 என்று முன்னிலையில் இருந்தோம். இரண்டு கோலையும் பத்தாம் எண்தான் அடித்திருந்தான். எட்டு நிமிடத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றோம்.

முதல் கோல் கார்னரிலிருந்து வந்தது. பந்தின் உயரத்தை எங்கள் கோலி (கோல்கீப்பர்) தவறாகக் கணித்து முன்னால் வந்துவிட்டான். இரண்டாவது, வலப்பக்கத் தடுப்பில் ஆடும் இரண்டாம் எண் கோலிக்குத் திருப்பிக் கொடுத்த வலுவில்லாத பந்து. மூன்றாவது கோல் எப்படி விழுந்தது என்று ஆட்டம் முடிந்த கையோடு கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அணி சிதறிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மூன்றாவது கோலுக்குப் பிறகு பத்தாம் எண் நடுவரிடம் ஓடிப்போய்க் கையை ஆட்டிப் பேசி மஞ்சள் அட்டை வாங்கினான்.

அன்று மாலை, மைதானத்துக்கு வெளியே உள்ள டீக்கடையில், தோல்விக்குக் காரணம் கோலியும் இரண்டாம் எண்ணும்தான் என்று நான் சொன்னேன். தலைமைப் பயிற்சியாளர் இளமையில் ஒரு துறை அணிக்குத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர், எதற்கும் அவசரப்படாதவர். என் கைப்பேசியில் ஆட்டம் பதிவாகியிருப்பது அவருக்குத் தெரியும். "பந்து ஓடுறதப் பாக்காதப்பா. நிக்கிறப்ப இவனுங்க என்ன பண்றானுங்கன்னு பாரு" என்றார்.

பதிவில் கண்டவை

தொண்ணூறு நிமிட ஆட்டமொன்றில் பந்து உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது ஏறத்தாழ ஐம்பத்தைந்து முதல் அறுபது நிமிடம்தான். மீதி நேரம் த்ரோ-இன், ஃப்ரீ கிக், கார்னர், காயம், ஆள் மாற்றம், கோலுக்குப் பிறகு நடுக்கோட்டுக்குத் திரும்பும் நடை ஆகியவற்றில் கழிகிறது. ஆட்டக்காரனின் திறமை பந்து ஓடும்போது தெரிகிறது. கேப்டனுடைய வேலையில் பெரும்பகுதி பந்து நிற்கும்போது நடக்கிறது. இதை அன்று இரவு வரை நான் கவனித்ததே இல்லை.

முதல் கோல் விழுந்தபோது பத்தாம் எண் நடுவட்டத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிறான். கோலி தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய வலது பூட்ஸின் கயிறு அவிழ்ந்திருக்கிறது. கையுறை போட்ட கையால் கயிறு கட்ட முடியாது. கையுறையைக் கழற்றி, கட்டி, மறுபடி மாட்டுவதற்கு நேரம் ஆகும். தடுப்பின் நடுவே ஆடும் ஐந்தாம் எண், பந்தைப் பொறுக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கோலியின் முன்னால் மண்டியிட்டு அந்தக் கயிற்றைக் கட்டத் தொடங்குகிறான். கட்டிக்கொண்டே ஏதோ சொல்கிறான். கோலி தலையை ஆட்டுகிறான். அதற்குள் நடுவட்டத்திலிருந்து, "டேய், சீக்கிரம் பந்தக் கொண்டாடா!" என்று பத்தாம் எண்ணின் குரல் கேட்கிறது. ஐந்தாம் எண் முடிச்சைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுகிறான். ஆட்டம் மறுபடி தொடங்கும்போது எங்கள் ஆட்கள் மூன்று பேர் தங்கள் இடத்துக்கே போய்ச் சேரவில்லை. முன்னிலையில் இருந்தது நாங்கள், அவசரப்பட்டதும் நாங்கள்.

இரண்டாவது கோலுக்குப் பிறகு பத்தாம் எண் மைதானத்தின் பாதியைக் கடந்து ஓடிவந்து இரண்டாம் எண்ணின் முகத்துக்கு நேராகக் கத்துகிறான். அதற்கடுத்த நிமிடங்களைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாம் எண் அதன்பின் ஒரு முறைகூடப் பந்தைக் கேட்டுக் கையைத் தூக்கவில்லை. பந்து தன் பக்கம் வராத இடமாகப் பார்த்துப் பார்த்து நிற்கிறான். ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் நாங்கள் ஆறு பேராக ஆடியிருக்கிறோம்.

இந்த இடத்தில் இரண்டு பழைய ஆட்டங்களைச் சொல்ல வேண்டும். 1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா அரங்கில் பிரேசிலுக்கும் உருகுவேக்கும் உலகக் கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டம் நடந்தது. இரண்டாம் பாதி தொடங்கிய உடனே பிரேசில் கோல் அடித்தது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரின் ஆரவாரத்துக்கு நடுவே, உருகுவேயின் கேப்டன் ஒப்துலியோ வரேலா பந்தை எடுத்துக்கொண்டு, அது ஆஃப் சைடு என்று நடுவரிடம் வாதாடப் போனார். கோல் மாறாது என்பது அவருக்குத் தெரியும். ஆரவாரம் அடங்கவும் தன் ஆட்கள் மூச்சு வாங்கவும் அவருக்கு நேரம் தேவைப்பட்டது. உருகுவே 2–1 என்று வென்றது. எட்டு ஆண்டு கழித்து, 1958-இல் சுவீடனில் நடந்த இறுதி ஆட்டத்தில், நான்காம் நிமிடத்திலேயே பிரேசில் கோல் வாங்கியது. பிரேசிலின் நடுக்கள ஆட்டக்காரர் டிடி பந்தை வலையிலிருந்து எடுத்து, கையில் ஏந்தி, ஓடாமல் நடந்தே நடுக்கோட்டுக்கு வந்தார். பிரேசில் 5–2 என்று வென்றது. அன்று பிரேசிலின் கேப்டன் பெல்லினி, டிடி அல்லர். பட்டை ஒருவர் கையிலும் அதன் வேலை இன்னொருவர் காலிலும் இருக்கலாம் என்பதற்கு எங்கள் பையன்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அணியிலேயே சான்று இருந்திருக்கிறது. எங்கள் ஐந்தாம் எண் வரேலாவையோ டிடியையோ கேள்விப்பட்டவன் அல்லன். கயிறு அவிழ்ந்திருந்தது, கட்டினான். ஆனால் செய்த வேலை ஒன்றுதான்.

கேப்டனுக்கு விதிப் புத்தகம் தருவது மிகக் குறைவு. அவருக்குத் தனி அந்தஸ்தோ சலுகையோ கிடையாது, ஆனால் அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு என்றுதான் அது சொல்கிறது. 2024 ஐரோப்பியக் கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரிடம் விளக்கம் கேட்கலாம் என்ற நடைமுறை வந்த பிறகு, எங்கள் வட்டாரத் தொடர்களிலும் சில நடுவர்கள் ஆட்டத்துக்கு முன்பே அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே கேப்டன் கோபக்காரனாக இருந்தால், அணிக்கு நடுவரிடம் பேச இருக்கும் ஒரே வாயும் அடைபட்டுப்போகிறது. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் 110-ஆம் நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியது பிரான்சின் கேப்டன் ஜிதான். அவருக்கு நிகரான ஆட்டக்காரர் அன்று களத்தில் இல்லை. மீதி நிமிடங்களுக்கும் பெனால்டிகளுக்கும் பிரான்ஸ் அவர் இல்லாமலேயே நிற்க வேண்டியிருந்தது.

முன்களத்தில் ஆடுபவன் கேப்டனாக இருக்கக்கூடாது என்று இதிலிருந்து நான் முடிவுகட்டவில்லை. 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் வாங்கிய இந்திய அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி முன்களத்தவர். சுனில் சேத்ரியும் அப்படியே. எங்கள் பத்தாம் எண்ணிடம் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதினாறு வயதுப் பையனிடம் கோல் அடிக்கும் பாரத்தைக் கொடுத்து, அதன்மேல் ஏழு பேரின் மனநிலையைச் சுமக்கும் பாரத்தையும் ஏற்றியவர்கள் நாங்கள்.

பட்டை கைமாறிய விதம்

அணியில் இருந்த பதினான்கு பேருக்கும் துண்டுச் சீட்டுக் கொடுத்தோம். யார் கேப்டனாக வேண்டும் என்று கேட்டிருந்தால் பத்தாம் எண்ணின் பெயர்தான் வந்திருக்கும், பழக்கம் அப்படி. "நீ தப்புப் பண்ணி கோல் விழுந்தால், அந்த நேரத்தில் யார் உன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்?" என்று கேட்கச் சொன்னவர் தலைமைப் பயிற்சியாளர். பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளில் 5 என்று இருந்தது. கையெழுத்து தெரிந்ததால் சொல்கிறேன்: பத்தாம் எண்ணும் அதையேதான் எழுதியிருந்தான்.

இதற்குப் பிறகு நான் செய்தது தவறு. ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சிக்கு எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், பட்டையைப் பத்தாம் எண்ணிடமிருந்து கேட்டு வாங்கி ஐந்தாம் எண்ணிடம் கொடுத்தேன். ஒளிவுமறைவு இல்லாமல் செய்கிறேன் என்று எனக்குள் நினைப்பு. அடுத்த நான்கு பயிற்சிகளுக்கு அவன் வரவில்லை.

அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் குடம் கழுவிக்கொண்டிருந்த அவனுடைய அம்மா, "பட்டைய அவுத்துட்டாங்கன்னு சொல்லி அழுதான் சார். என் புள்ள இன்னா சார் தப்பு பண்ணான்?" என்று கேட்டார். தப்பு அவனுடையது இல்லை என்றும், எல்லோர் முன்னாலும் வைத்துச் செய்தது என் தவறு என்றும் அவரிடமும், உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவனிடமும் சொன்னேன். அவன் எதுவும் பேசவில்லை. மறுநாள் வந்தான். பெனால்டி, ஃப்ரீ கிக், கார்னர் மூன்றும் அவன் பொறுப்பு என்று தலைமைப் பயிற்சியாளர் அறிவித்தார். ஆறுதலுக்காகத் தந்த பொறுப்பு அன்று, அவற்றை அடிக்க அவனைவிட நல்ல கால் எங்களிடம் இல்லை. ஒரு கேப்டனை மாற்ற வேண்டி வந்தால் முதலில் தனியே அழைத்துப் பேசவேண்டும் என்பது யாருக்கும் தெரிந்த எளிய மரியாதை. அதை ஒரு சிறுவனிடம் நான் காட்டத் தவறியது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

ஐந்தாம் எண்ணும் உடனே கேப்டனாகிவிடவில்லை. பட்டை ஏறியதும் அவனும் கத்தத் தொடங்கினான். கேப்டன் என்றால் கத்த வேண்டும் என்று எங்களைப் பார்த்தே கற்றிருந்தான். அவனுக்குக் குரலும் எழும்பவில்லை, கேட்பாரும் இல்லை. இரண்டு வாரம் அவனுடைய சொந்த ஆட்டமே கெட்டது. பிறகு ஒருநாள் அவனை உட்காரவைத்து, கால் இறுதிப் பதிவில் அவன் கயிறு கட்டும் இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது போதுமா சார்?" என்று கேட்டான். அதன்பின் அவன் கத்தியதை நான் பார்த்ததில்லை.

அடுத்த தொடர்

அடுத்த தொடரில் அவன் செய்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது டாஸ். வென்றவர் முதல் பாதியில் எந்தக் கோலை நோக்கி அடிப்பது என்று தேர்ந்தெடுக்கலாம், அல்லது முதல் உதையை எடுக்கலாம். எங்கள் பையன்கள் எப்போதும் பந்தைத்தான் கேட்பார்கள். அந்த மைதானத்தின் கோல் கம்பங்கள் கிழக்கும் மேற்குமாக நிற்கின்றன. ஆட்டம் மாலை நான்கு மணிக்கு. ஐந்தாம் எண் டாஸுக்குப் போகும் முன் கோலியிடம் போய், "உனக்கு எந்தப் பக்கம் வேணும்டா?" என்று கேட்டான். முதல் பாதியில் சூரியன் சற்று உயரத்தில் இருக்கும், சமாளித்துவிடலாம். இரண்டாம் பாதியில் தாழ்ந்து நேரே கண்ணில் அடிக்கும், அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றான் கோலி. டாஸ் வென்ற ஐந்தாம் எண், முதல் பாதியில் மேற்குக் கோலை நோக்கி அடிப்பதாகச் சொன்னான். மைதானத்தில் ஆண்டுக்கணக்காக நிற்கும் நான் ஒரு கோலியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

இரண்டாவது, எல்லைக் கோட்டில் நடந்தது. எதிரணி ஆட்டக்காரன் ஒருவன் பத்தாம் எண்ணின் கணுக்காலில் மோசமாக மிதித்துவிட்டான். புல் இல்லாத சரளை மண். விழுந்தவனுடைய முழங்கை வரை தோல் உரிந்தது. பத்தாம் எண்ணின் தெருவைச் சேர்ந்த நான்கைந்து அண்ணன்கள் கோட்டைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார்கள். பார்வையாளர்கள் உள்ளே வந்தால் அந்த அணி வெளியேற்றப்படும் என்பது தொடரின் விதி. எல்லோரும் நடுவரைச் சூழ்ந்தபோது, ஐந்தாம் எண் நடுவரிடம் போகவில்லை. நேரே கோட்டுக்கு ஓடி, மூத்தவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணா, உள்ள வராதீங்கண்ணா. நீங்க உள்ள வந்தா நாங்க வெளிய போயிடுவோம்ணா" என்றான். அவர்கள் பின்வாங்கினார்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் எரிக்சன் களத்தில் சாய்ந்தபோது, டென்மார்க் கேப்டன் சிமோன் கியேர் அவருக்கு முதலுதவி செய்ததோடு, சக ஆட்டக்காரர்களை வளையமாக நிறுத்திப் பார்வையிலிருந்து மறைத்து, எரிக்சனின் துணைவியையும் தேற்றினார். அங்கே இருந்தது உயிர்ப் போராட்டம். எங்கள் மைதானத்துச் சச்சரவை அதோடு ஒப்பிடமுடியாது. ஆனால் எல்லோரும் ஒரு பக்கம் பார்க்கும்போது, கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கம் எது என்று தேடும் கண் ஒன்றுதான்.

கோலியின் விரல்

அரை இறுதி 1–1 என்று முடிந்து டை-பிரேக்கருக்குப் போனது. தோற்றோம். எதிரணியின் ஓர் உதையில் எங்கள் கோலியின் இடது கை பந்தில் நன்றாகவே பட்டது. ஆனாலும் பந்து கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. ஆட்டம் முடிந்து கையுறையைக் கழற்றியபோது மோதிர விரல் வீங்கி, பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றியிருந்தது.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே அடிபட்டிருக்கிறது. அது ஐந்தாம் எண்ணுக்கு மட்டும் தெரியும். "சார்கிட்ட சொல்லாதடா, உக்கார வெச்சிருவாரு" என்று கோலி கெஞ்சியிருக்கிறான். டேப் சுற்றிவிட்டதும் ஐந்தாம் எண்தான்.

விரல் நன்றாக இருந்திருந்தால் அந்தப் பந்து நின்றிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை அவன் தலையில் கட்டவும் கூடாது. ஆனால் ஐந்தாம் எண்ணின் கேப்டன் பணியில் ஒரு பக்கம் காலியாக இருந்ததை அது காட்டியது. எங்கள் சொல்லைப் பையன்களிடம் அவன் நன்றாகக் கொண்டுபோனான். பையன்களின் சொல்லை எங்களிடம் கொண்டுவரவில்லை. நண்பனைக் காட்டிக்கொடுப்பதாக அவனுக்குத் தோன்றியிருக்கிறது. கேப்டன் என்பவன் பயிற்சியாளருக்கும் அணிக்கும் இடையிலான பாலம் என்று நாங்கள் அடிக்கடி சொல்வோம். அந்தப் பாலத்தில் நடந்து வருபவனுக்கு இந்தக் கரையில் என்ன காத்திருக்கிறது என்று நாங்கள் யோசித்ததில்லை. அடிபட்டதைச் சொன்னால் உட்காரவைப்போம். உட்கார்ந்தவன் இடத்தை வேறொருவன் பிடிப்பான். தேர்வாளர்கள் வரும் நாளில் அவன் பெஞ்சில் இருப்பான். வேலை கிடைக்கும் என்ற கனவோடு ஆடும் பிள்ளைகள் வலியை மறைப்பதில் வியப்பில்லை. அந்த மறைப்புக்கு விதை போட்டது நாங்கள்.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காயத்தைத் தானே முன்வந்து சொல்பவனுக்கு, குணமாகி வந்ததும் அடுத்த ஆட்டத்தில் அவனுடைய இடம் அவனுக்கே. இரண்டாவது கோலியை ஒரு ஆட்டத்தில் இறக்கித் தோற்றபோதும் இந்த வாக்கை நாங்கள் மாற்றவில்லை. ஆட்டத்துக்கு அரைமணி முன்பு ஐந்தாம் எண் எல்லோரிடமும் ஒரு சுற்றுப் போய்வருவான்; கோலியின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பான். பிறகு எங்களிடம் வந்து, யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான், யார் வீட்டில் இரவெல்லாம் சண்டை, யாருடைய பூட்ஸ் பிளந்திருக்கிறது என்று தணிந்த குரலில் சொல்வான். சாப்பிடாதவனுக்கு இரண்டு வாழைப்பழம் போகும்.

சென்ற மாதம் ஒரு நட்பு ஆட்டத்துக்கு முன் அப்படி வந்து நின்றவன், மற்றவர்களைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டுத் தயங்கினான். "சார், எனக்கு முட்டி வலிக்குது. முத பாதி நான் உக்காந்துக்கறேன்" என்றான். பட்டையை யாருக்குக் கொடுப்பது என்று நான் அணியைத் திரும்பிப் பார்ப்பதற்குள், அவனே அதைக் கழற்றிக்கொண்டு போய் இரண்டாம் எண்ணின் கையில் ஏற்றிக்கொண்டிருந்தான்.